தானா எரிஞ்சிடுச்சு

எனக்கு முதலில் கோபம் வந்தது அந்தப் பெயரின் மேல்தான். பிரஷ்லெஸ் மோட்டார். அண்ணன் போனில் அதைச் சொன்னபோது, உலகத்தில் இல்லாத பொருளை வாங்கிவிட்டவர் குரலில் சொன்னார். பிரஷ் இல்லாத மோட்டாரை நான் பார்க்காதவனா? திண்டிவனத்தில் இருபத்திரண்டு வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருக்கிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார், எதிலும் பிரஷ் கிடையாது. மிக்சியிலும் டிரில்லிலும்தான் அந்தக் கார்பன் துண்டு இருக்கும், தேய்ந்தால் மாற்றிக் கொடுப்போம். இல்லாத ஒன்றைப் பெருமையாகப் பெயரில் போட்டு விற்பது, என்னை 'வாலில்லாத மனுஷன்' என்று கூப்பிடுவது போலத்தானே?

"அது வேறடா, இது வேற. நீ வந்து மாட்டிக் குடு. மோட்டார்காரன் நீதான இருக்கிற," என்றார் அண்ணன். அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். சரி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

அண்ணன் விழுப்புரத்தில் இருக்கிறார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். இப்போது அவர் ஓட்டுவது முழங்கை நீளத்துக்கு இருக்கும் ஒரு ரிமோட் லாரி. அதில் மாட்டத்தான் இந்த மோட்டார். சிரிக்காதீர்கள். முதலில் நானும் சிரித்தவன்தான், அப்புறம் நிறுத்திக்கொண்டேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால், திண்டிவனத்தில் லோடு ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனவர், ஓமந்தூர்ப் பக்கம் நேரான ரோட்டில், எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லாத நேரத்தில், லாரியோடு ஒரு கேப்பைக் கொல்லைக்குள் இறங்கிவிட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை. அவருக்குத் தோள் எலும்பில் ஒரு விரிசல், அவ்வளவுதான். ஸ்டியரிங் தானாக லாக் ஆகிவிட்டது என்றார். லாரி முதலாளியிடமும் அதையேதான் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரியில் தலைக்கு என்னென்னவோ டெஸ்ட் எடுத்துப் பார்த்த டாக்டர் வேறு சொன்னார். இது ஒரு வகை வலிப்பு, கை கால் வெட்டாது, அரை நிமிஷம் ஆள் அப்படியே காணாமல் போய்விடுவார், இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று மூன்று வேளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். டாக்டருக்கு ஆளைப் பற்றித் தெரியலாம், லாரியைப் பற்றி என்ன தெரியும் என்பது அண்ணன் கட்சி. மாத்திரையை அண்ணி கையில் கொடுத்தால்தான் போடுவார். தானாக ஒருநாளும் எடுத்தது கிடையாது.

யாரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி ஒருநாள் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்: குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டவர், சொம்பு நிரம்பி வழிய வழிய அப்படியே நின்றாராம், கூப்பிட்டால் பதில் இல்லையாம், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போலக் குடித்தாராம். அண்ணனைக் கேட்டால், ஏதோ யோசனையில் நின்றேன், அதுக்கும் வலிப்பு என்று பெயர் வைத்துவிட்டாள் உன் அண்ணி என்றார். நான் லாரியைப் போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. சில சமயம் லாக் ஆகிற ஸ்டியரிங் அப்புறம் தானே விட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ளும்போதே உள்ளே என்னவோ நெருடியது.

ஏனென்றால் இந்தத் 'தானா' என்கிற வார்த்தை இருக்கிறதே, அது என் தொழிலில் எனக்குப் பரம விரோதி. தண்ணீர் இல்லாத கிணற்றில் ஆறு மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டுக் கருக்கிக் கொண்டுவருவார்கள். என்னங்க ஆச்சு என்றால், "தானா நின்னுடுச்சுங்க." கரண்ட் கம்மியாக வரும்போது ஸ்டார்ட்டரில் குச்சியைச் செருகி அழுத்திவைத்திருப்பார்கள். கேட்டால், "தானா எரிஞ்சிடுச்சுங்க." காயிலைப் பிரித்தால் யார் என்ன செய்தார்கள் என்று அதிலேயே எழுதியிருக்கும். தானாக எரிந்த மோட்டாரை நான் இதுவரை பார்த்ததில்லை என்று கடையில் சத்தம் போட்டுக்கொண்டே இருப்பேன். என் அண்ணன் சொன்ன 'தானா'வை மட்டும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் எட்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

அந்த ரிமோட் லாரி, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகள் வாங்கிக் கொடுத்தது. வந்த புதிதில் சீ என்று பரணில் போட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்து நான் போனபோது பார்த்தால், அதற்கு முன்னால் எலுமிச்சம்பிஞ்சு தொங்குகிறது, சுண்டைக்காய் அளவில். நெற்றியில் சந்தனம், குங்குமம். பின்னால் ஒட்டுப்பலகையில் அவரே செய்த டிரெய்லர். வீட்டுக்கு எதிரே விற்காத மனைகள் இருக்கின்றன. அங்கே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு செங்கல்லுக்கு நடுவே அந்த டிரெய்லரை ரிவர்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி. இடிக்கவே இல்லை. இருபத்தெட்டு வருஷத்தில் பின்னால் பார்த்துச் சொல்ல கிளீனரைக் கூப்பிட்டதே இல்லை என்று அவர் அடிக்கடி பீற்றிக்கொள்வார். உண்மைதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

டிரெய்லரில் மல்லாட்டைப் பையை, அதுதான் வேர்க்கடலை, ஏற்றிக்கொண்டு ஜல்லிக் குவியல்மேல் ஏற அந்த லாரியால் முடியவில்லை. பழைய மோட்டார் சூடாகி நின்றுவிடும். அதற்குத்தான் வலுவான மோட்டார் வரவழைத்தார். அதற்குள் வியாழக்கிழமை மத்தியானம் அண்ணி எனக்குத் தனியாகப் போன் செய்தார். பழைய முதலாளி கூப்பிட்டிருக்கிறாராம். திங்கட்கிழமை காலையில் திண்டிவனத்தில் மல்லாட்டை லோடு, திருச்சி வரைக்கும் ஒரே ஒரு நடை, டிரைவர் கிடைக்கவில்லை, வர முடியுமா என்று கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சொல்கிறேன் என்றிருக்கிறார் அண்ணன்.

"வர்லன்னு சொல்ல வாய் வர்ல அவருக்கு. ஸ்டியரிங்ல உக்காந்துகினு அன்னைக்கி மாதிரி நின்னுட்டாருன்னா? அவரு மட்டுமா போவாரு, எதிர்ல வர்றவங்களும் இருக்காங்களே தம்பி," என்றார் அண்ணி. அப்புறம், அந்தப் பொம்மை வண்டியை ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது ஓட வைத்துவிடுங்கள் என்றார். புது மோட்டார் ஓடினால் அதிலேயே கிடப்பார், திங்கட்கிழமை தானே கழிந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஓட வைக்கிறேன் அண்ணி, மோட்டார்தானே என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் பையில் அலன் கீ, சால்டரிங் அயர்ன், மீட்டர் எல்லாவற்றோடும் விழுப்புரத்தில் இறங்கிவிட்டேன். அண்ணன் கூடத்தில் பாயை விரித்து, லாரியின் மேல்கூட்டைக் கழற்றி வைத்து, ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். மோட்டாரை என் கையில் கொடுத்தார். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. இரும்புக் குண்டு போலக் கனம். அதன் மேல் இரண்டாயிரத்துச் சொச்சம் கே.வி. என்று போட்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்குத் தெரிந்த கே.வி. ஊருக்கு வெளியே சப்-ஸ்டேஷன் போர்டில் இருப்பது, பக்கத்தில் மண்டையோடும் எலும்பும் வரைந்திருப்பார்கள். அதுவே பதினொன்று, முப்பத்து மூன்று என்றுதான் இருக்கும். இது என்ன பேஜாரு, வீட்டுக்குள் இவ்வளவு கரண்டா என்றேன்.

அண்ணன் சிரித்தார். இவர் மாதக்கணக்கில் வீடியோ பார்த்துப் பார்த்து இதில் பண்டிதராகிவிட்டார். அது அந்தக் கே.வி. இல்லையாம், ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்கிற கணக்காம். அப்படியென்றால் அப்படிப் போட வேண்டியதுதானே? ஒரே பெயரை இரண்டு பொருளுக்கு வைத்தால் என்னைப் போன்றவன் என்ன செய்வான்?

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு மோட்டாரை மாட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பின்மூடியைக் கழற்றினேன். காயில் வெளியே நிற்கிறது, நடுவில் சுற்றுவது வெறும் காந்தம். கையால் திருப்பினால் கட்டுக்கட்டாக இழுத்து இழுத்து நிற்கிறது. பேரிங் போய்விட்டதோ என்று பார்த்தால் இல்லை, காந்தம் பிடிக்கிறது. சரி, போகட்டும். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா. நம் பாஷையில் ஸ்டார்ட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து இரண்டு வயர் அதற்குள் போகிறது, மோட்டாருக்கு மூன்று வயர் வெளியே வருகிறது. உள்ளே போவது இரண்டு, வெளியே வருவது மூன்றா? மூன்றாவது எங்கே பிறந்தது? அதைக் கேட்டால் அண்ணனுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மூன்று வயர் என்றதும் எனக்கு உயிர் வந்தது. த்ரீ பேஸ். என் சொந்த ஊருக்கே வந்துவிட்டது போல இருந்தது.

இது தவிர, மெல்லிசாக ஆறு வயர் சேர்ந்த இன்னொரு கேபிளும் மோட்டாருக்கும் டப்பாவுக்கும் நடுவில் இருந்தது. இது எதுக்கு என்றேன்.

"அது சென்சாருடா. காந்தம் எந்த எடத்துல நிக்கிதுன்னு மோட்டாரு டப்பாவுக்குச் சொல்லிக்கினே இருக்கும். அத்தக் கேட்டுத்தான் டப்பா கரண்ட் குடுக்கும்," என்றார் அண்ணன்.

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேனே தவிர, காதில் வாங்கவில்லை. நூறு குதிரை மோட்டாரையெல்லாம் பார்த்தவனுக்கு இந்த எலுமிச்சம்பழம் தான் நிற்கிற இடத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்கிற திமிர். மோட்டார் கூடவே பல மடிப்பாக ஒரு விளக்கத் தாள் வந்திருந்தது. எல்லாம் எறும்பெழுத்தில் இங்கிலீஷ். அதைப் பாயில் விரித்து, ஸ்குரூ உருண்டு ஓடாமல் இருக்க அதன்மேல் பரப்பி வைத்தேன்.

மோட்டாரை உட்காரவைப்பதே பாதிப் பகலைத் தின்றது. பழைய மோட்டார் இருந்த இடத்தில் இது நேராகப் போகவில்லை. எதிர்ப்பக்கம் பார்த்துத் திருப்பித்தான் வைக்க முடிந்தது. அதன் தண்டில் இருக்கிற சின்னப் பல்சக்கரமும் வண்டியின் பெரிய பல்சக்கரமும் ரொம்ப நெருங்கவும் கூடாது, விலகவும் கூடாது. நடுவில் ஒரு தாள் துண்டை விட்டு, இரண்டையும் நெருக்கி, ஸ்குரூவை முறுக்கி, அப்புறம் தாளை உருவிவிட வேண்டும். இது அண்ணன் வீடியோவில் பார்த்தது. எந்தத் தாள் என்று தேடினோம். கடைசியில் என் சட்டைப் பையில் இருந்த திண்டிவனம் பஸ் டிக்கெட் சரியான தடிமனாக இருந்தது. உருவியபோது டிக்கெட் முழுக்க வரிசையாகப் பல் பதிந்திருந்தது. இரண்டு பேருக்கும் அதைப் பார்த்து ஏனோ அவ்வளவு சந்தோஷம். அண்ணன் அதை எடுத்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

மோட்டாரில் மூன்று பித்தளை நாக்கு, ஏ, பி, சி என்று எழுதியிருந்தது. டப்பாவின் வயர்களிலும் அதே எழுத்து. அண்ணன் படிக்கப் படிக்க நான் பற்றவைத்தேன். பேட்டரியைச் சொருகியதும் மோட்டாரே வாய்விட்டு மூன்று தரம் கீச் கீச் என்று பாடியது. நான் கையை எடுத்துவிட்டேன். ஸ்பீக்கர் இல்லாமல் மோட்டார் எப்படிப் பாடும்? இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

மனைக்குக் கொண்டுபோனோம். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, ரிமோட்டின் விசையை முன்பக்கம் இழுத்தார். லாரி விருட்டென்று பின்பக்கம் போய்ச் சுவரில் மோதியது. மறுபடி இழுத்தார். மறுபடியும் பின்னால். பின்பக்கம் தள்ளினால் முன்னால் போகிறது. வலு என்றால் அப்படி ஒரு வலு, ஆனால் தலைகீழ். திருப்பி வைத்த மோட்டார் திருப்பிச் சுற்றுகிறது, வேறென்ன?

அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "விடுடா. ரிவர்ஸ்தான எனக்குக் கை வந்தது. நான் இப்பிடியே ஓட்டிக்கிறேன்," என்றார்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆயிரம் முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் நான் மோட்டார்காரன். எங்கள் பக்கத்தில் போர் மோட்டார் மாற்றிச் சுற்றி, தண்ணீர் வராமல் போனால், பள்ளிக்கூடமே போகாத விவசாயிக்கும் தெரியும்: மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடு, நேராகச் சுற்றும். பேஸ் மாத்துறது என்போம். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். ஒரு பொம்மை லாரி என் கையால் மாட்டி, தலைகீழாக ஓடுகிறது என்று நாளைக்கு அண்ணன் நாலு பேரிடம் சொன்னால் என் மானம் என்ன ஆவது? அந்த நேரம் பார்த்து டீ ஆறுகிறது, குடித்துவிட்டுப் போங்கள் என்று அண்ணி அவரைக் கூப்பிட்டார். அவர் உள்ளே போனார். நான் வாசல் பிளக்கில் அயர்னைச் சொருகி, ஏ-யையும் சி-யையும் பிடுங்கி மாற்றிப் பற்றவைத்தேன். ஐந்து நிமிஷ வேலை.

விசையை இழுத்தேன். லாரி போகவில்லை. நின்ற இடத்திலேயே வெடவெடவென்று நடுங்கியது, குளிர்ஜுரம் வந்த ஆள் மாதிரி. ஏதோ சிக்கியிருக்கிறது, ஒரு தம் கொடுத்தால் கிளம்பிவிடும் என்று இன்னும் இழுத்துப் பிடித்தேன். ஓடாமல் முனகுகிற மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டு நிற்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அதே நான் பத்து எண்ணுகிற நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். மெல்லிசாக ஒரு புகை வந்தது. அப்புறம் அந்த வாசனை. வார்னிஷ் கருகுகிற வாசனை. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தானே மோந்துகொண்டிருக்கிறேன், அது எனக்குத் தெரியாதா?

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாடா ஆச்சு?" என்றார்.

"தெரிலண்ணா. தானா எரிஞ்சிடுச்சு," என்றேன்.

சொன்னது நான்தான். என் வாயிலிருந்துதான் வந்தது. எப்படி வந்தது என்று யோசிப்பதற்குள் வந்துவிட்டது. பொய் சொல்கிறோம் என்றுகூட அந்த நொடியில் தோன்றவில்லை, கை சுட்டால் இழுத்துக்கொள்வது போல வந்தது. அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. குனிந்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டூப்ளிகேட் சரக்காக இருக்கும், விடு என்றார். நீ என்ன பண்ணுவ என்றும் சொன்னார். அதற்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று அண்ணி கறி சமைத்திருந்தார். அண்ணன் நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்தவர், போனைத் தேடி எடுத்தார். யாருக்கு என்று கேட்டார் அண்ணி.

"மொதலாளிக்குத்தான். நாளைக்கி வர்றேன்னு சொல்லிடலாம். ஒரு நடைதான? இங்க உக்காந்துகினு இன்னா பண்றது, அதுவும் எரிஞ்சு போச்சு," என்றார் அண்ணன்.

அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அவரே கூப்பிடுவார் என்று அண்ணன் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் பாயில் உட்கார்ந்து சாமானைப் பொறுக்கினேன். ஸ்குரூவை எல்லாம் டப்பியில் போட்டதும் அடியில் அந்த விளக்கத் தாள் தெரிந்தது. படிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. படமே போட்டிருந்தான். ஒரு மோட்டார், ஒரு டப்பா, நடுவில் மூன்று வயர். அதில் இரண்டு வயரைக் குறுக்கே மாற்றி வரைந்து, அதன்மேல் பெரிசாக ஒரு பெருக்கல் குறி. அதற்குக் கீழே எழுத்துக் கூட்டிப் படித்தேன். சென்சார் கேபிள் இருக்கும்போது வயரை மாற்றாதே. திசை மாற்ற வேண்டுமென்றால் டப்பாவில் ஒரு செட்டிங் இருக்கிறது, போனிலேயே மாற்றலாம். காந்தம் ஒரு இடத்தில் நிற்கிறது என்று அந்த ஆறு வயர் சொல்லிக்கொண்டிருக்க, நான் கரண்ட்டை வேறு இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். நடுவில் அகப்பட்டு அது நடுங்கி நடுங்கிக் கருகியிருக்கிறது. இதைத்தான் காலையிலேயே அண்ணன் எனக்குச் சொன்னார்.

சொன்னால் இந்த வயசில் அவர் முன்னால் நான் என்ன ஆவேன்? சொல்லாவிட்டால் என்ன ஆகும்? சொன்னால் மட்டும் போகாமல் இருப்பாரா? எரிந்தது எரிந்ததுதானே? ஒன்றும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் பொறுக்க முடியவில்லை. என் கடைக்கு வருகிற அத்தனை பேரையும் அந்த ஒரு வார்த்தைக்காகத் திட்டியிருக்கிறேன். அதே வார்த்தையை என் அண்ணனிடம் சொல்லி, அதை வைத்து அவர் ஸ்டியரிங்கில் ஏறப்போகிறார். தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். படத்தைக் காட்டினேன்.

"மோட்டாரு மேல தப்பு இல்லண்ணா. டூப்ளிகேட்டும் இல்ல. நீ உள்ள போனப்ப பேஸ மாத்திட்டேன். ஓடலன்னு தெரிஞ்சும் புடிச்சிகினு நின்னேன். தானா எரில. நான்தான் கொளுத்திட்டேன்."

அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வலிப்பு வந்து நிற்கிறாரோ என்று எனக்கு ஒரு நொடி பயம் வந்துவிட்டது, அண்ணா என்று தோளைத் தொட்டேன். இல்லை, முழுசாக இங்கேதான் இருந்தார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. என்னைத் திட்டப் போகிறார் என்று உட்கார்ந்திருந்தேன். திட்டினால் நிம்மதியாக இருக்கும் போலிருந்தது.

"லாரியும் தானா எறங்கலடா," என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. எந்த லாரி என்று கேட்கப் போனேன்.

"ஓமந்தூர் போர்டு தெரிஞ்சுது. அப்புறம் கேப்பக் கொல்லையில இருக்கிறேன். நடுவுல ஒண்ணுமே இல்ல. தேடித் தேடிப் பாத்துட்டேன், இல்ல. ஸ்டியரிங்கு லாக் ஆனத நான் பாக்கவே இல்லடா. அப்பிடித்தான் இருக்கும்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி, பாத்த மாதிரியே ஆயிடுச்சு."

எட்டு மாதமாக நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் வைத்திருந்ததை அவரே எடுத்துச் சேர்த்துவிட்டார். சந்தோஷப்படுவதா, அழுவதா? அவர் பொய் சொன்னாரா, இல்லை அவருக்கே தெரியாமல் அது மெய்யாகிவிட்டதா? இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

அப்போது போன் அடித்தது. முதலாளிதான். அண்ணன் எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் உற்சாகமாக என்னவோ பேசுவது எனக்கே கேட்டது. அவர் பேசி முடிக்கும்வரை அண்ணன் காத்திருந்தார்.

"இல்லைங்க, நாளைக்கி வர்லைங்க. இல்ல, நாளன்னைக்கும் வர முடியாது. அன்னைக்கி உங்க வண்டிக்கி ஒண்ணும் ஆவலைங்க. ஸ்டியரிங்கு நல்லாதான் இருந்துது. எனக்குத்தான் ஆச்சு."

உள்ளே குழாய் நின்றது. அந்தப் பக்கம் இரண்டு முறை என்னது, என்னது என்று கேட்டார்கள் போலிருக்கிறது, அண்ணன் இன்னொரு தரம் அதையே முதலிலிருந்து சொன்னார். அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அலமாரியைத் திறந்து, மத்தியான மாத்திரை எது என்று அண்ணியைக் கேட்டார்.